போல்ட் ஓட்டைகள்

இருக்கைகளைக் கழற்றி எடுத்த பிறகு
தரையில் முப்பத்திரண்டு ஓட்டைகள்.
மாதேசன் எண்ணினான், நான் எண்ணவில்லை.
பாதியை மெழுகால் அடைத்தோம்.
மெழுகு உள்ளவற்றில் இப்போது என் ஊசிகள் நிற்கின்றன,
தடித்தது முன்னால், மெல்லியது பின்னால்.
கதவோரத்து ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.
ஓடும்போது அதன் வழியே சாலை தெரியும்,
கண்டிலிருந்து உருவும் கறுப்பு நூல்போல.

ஜன்னல் கம்பியோரத் தகட்டில்
காம்பஸ் முனையால் யாரோ கீறியது அப்படியே இருக்கிறது:
கனிஷ்கா ஒரு லூசு.
இரண்டு கோட் பெயிண்ட் அடித்தும் போகவில்லை.
கனிஷ்காவுக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் வயதிருக்கும்.

ஆறடிக்குப் பதினோரடி.
கட்டிலை இறக்கினால் தையல் மெஷினை மடக்கவேண்டும்.
அடுப்பைப் பற்றவைத்தால் அவன் இறங்கி நிற்கவேண்டும்.
களி கிண்டும் நாளில் அடுப்பும் இறங்கிவிடும்,
கோல் பிடித்த முழங்கைக்கு உள்ளே இடமில்லை.
சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போக
இன்னொரு அறை கிடையாது.
கதவை அறைந்து சாத்தவும் முடியாது.
அது இழுக்கிற கதவு, பாதியில் சிக்கும்,
விடுவிக்க அவனைத்தான் கூப்பிடவேண்டும்.

மாதம் ஒருமுறை ஓசூர் முட்டை வித்தகத்தில்
நாலு கிலோ ஓட்டைக்கூடு.
பூச்சி துளைத்துக்கொண்டு போய்விட்டது,
நூல் அறுந்தது, ஆலைக்கு ஆகாது.
எனக்கு ஆகும்.
நான்காய் வெட்டினால் நான்கு இதழ்,
வளைவை அதுவே வைத்திருக்கும்.
மஞ்சளில் ஒரு பானை, கடுக்காயில் ஒன்று,
மாதுளைத் தோலில் ஒன்று.

தொப்பூர் இறக்கத்தில் ஒருநாள்
மூன்று மூடியும் கழன்று, மூன்றும் கலந்து,
என் பாவாடையில் இறங்கி, கதவோரத்து ஓட்டையில் இறங்கி
சேலம்வரை சொட்டிக்கொண்டே போனது.
பானையடியில் மிஞ்சியதில் இதழ்களை முக்கி எடுத்தேன்.
அந்த நிறத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
போச்சம்பள்ளிக் கல்யாண வீட்டார் அதையே மறுபடி கேட்கிறார்கள்.
எப்படிம்மா செஞ்சே?
மாதேசன் பிரேக் போட்டான் என்றால் நம்பமாட்டார்கள்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பையன் கேட்டான்:
என்ன லோடு?
வீடு, என்றான் இவன்.
அப்ப காலின்னு சொல்லுங்கண்ணே.

சாக்கில் ஒரு கூடு மட்டும்
துளைபடாமல் வந்திருக்கிறது.
காவேரிப்பட்டணம் தாண்டி மாந்தோப்பு ஓரம் நிறுத்தித் தூங்கினோம்.
விடிந்தபோது ஒரு வெள்ளைப் பூச்சி,
பறக்க வராது, தின்ன வாயில்லை,
இன்சூரன்ஸ் காகிதத்தின்மேல் முட்டையிட்டிருந்தது,
சரியாக, நிரந்தர முகவரி என்கிற கட்டத்தில்.
சரியாக என்பது பொய்.
பாதி கட்டத்துக்கு வெளியே.
உள்ளே எழுதியிருப்பது பாலக்கோட்டில் என் அண்ணன் வீடு,
நான் படுத்து ஒன்பது வருடமான வீடு.

ஜோடி சேராத முட்டை. பொரிக்காது.
நிறம் மாறாமல் மஞ்சளாகவே நிற்கும்.
துடைக்கத் துணி எடுத்தான்.
விடு, என்றேன்.
ஏன் என்றான்.
போச்சம்பள்ளி மாலைக்கு இன்னும் நூற்றறுபது இதழ் பாக்கி,
நான் அரைநாள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்:
ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்
ஒவ்வொன்றுக்கும் விட்டிருந்த இடத்தை.
பிறகு கோத்ததை எல்லாம் பிரித்து
இடம் விட்டுக் கோத்தேன்.
நூறே போதுமானதாக இருந்தது.

பர்கூரில் வண்டியை மறித்த போலீஸ்காரர்
காகிதத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
என்னம்மா, கடுகா?
முட்டை சார்.
விரலைத் தூக்கிப் பார்த்தார்.
தலையை உள்ளே நீட்டி
தொங்கும் இதழ்களைப் பார்த்தார்,
ஊசி முளைத்த தரையைப் பார்த்தார்,
ஜன்னலோரம் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.
யாரு இந்தக் கனிஷ்கா?

மாதேசன் என்னைப் பார்த்தான்.
வீட்டுக்காரம்மா சார், என்றேன்.